1961ஆ, 1998ஆ: எந்த ‘பேரன்ட் ட்ராப்’ பார்ப்பது?

டிஸ்னியின் ‘த பேரன்ட் ட்ராப்’ இரண்டு தடவை வந்திருக்கிறது. 1961இல் டேவிட் ஸ்விஃப்ட் எடுத்தது ஒன்று, 1998இல் நான்சி மேயர்ஸ் எடுத்தது இன்னொன்று. இரண்டுக்கும் மூலம் எரிக் கெஸ்ட்னர் எழுதிய ஜெர்மன் சிறுவர் நாவல். பிரிந்துபோன அப்பாவும் அம்மாவும் இரட்டைக் குழந்தைகளில் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அந்த இரண்டு பெண்களும் கோடை முகாமில் எதேச்சையாகச் சந்தித்து, வீடு மாறிப் போகிறார்கள். ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் பழைய படத்தைத்தான் சொல்வேன். ஆனால் பல இடங்களில் அது புதியதிடம் தோற்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தோல்வி இரட்டையர் விஷயத்தில். பழையதில் இரட்டை வேடம் போட்ட ஹேலி மில்ஸ் திரையில் வந்தாலே துறுதுறுப்புதான், ஆனால் பாஸ்டன் பெண், கலிஃபோர்னியா பெண் இருவர் வாயிலிருந்தும் அவருடைய சொந்த பிரிட்டிஷ் உச்சரிப்புதான் எட்டிப் பார்க்கிறது. லிண்ட்சே லோகனுக்கு 1998 படம்தான் முதல் சினிமா. லண்டனில் வளர்ந்த ஆனி, கலிஃபோர்னியாவின் நாப்பாவில் வளர்ந்த ஹாலியாக நடிக்கும்போது எந்த வார்த்தையில் நாக்கு பிசகும் என்பதுவரை பிரித்துக் காட்டுகிறார், பார்க்கிற நாம் இது ஒரே பெண் என்பதையே மறந்துவிடுகிறோம். முகாமும் புதியதில்தான் கலகலப்பு. வாள்சண்டை, சீட்டாட்டம், அப்புறம் அப்பா அம்மா புகைப்படத்தின் கிழிந்த இரண்டு பாதிகளும் ஒன்று சேரும் அந்த நிமிடம்.

ஒரே நடிகை இரண்டு பேராகத் தெரியும் தந்திரக் காட்சிகளை ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. 1998இல் கணினி கேமராவை அச்சு அசலாக அதே பாதையில் மறுபடி நகர்த்தியது, 1961இல் திரையைப் பிரித்தும், முதுகு காட்டி நிற்க இன்னொரு பெண்ணை வைத்தும் சமாளித்தார்கள்.

அப்பாவை வளைக்கப் பார்க்கும் காதலி? பழைய படத்து ஜோவானா பார்ன்ஸ் பிரமாதம். அவரையே 1998இல் புதிய காதலிக்கு அம்மாவாக நடிக்க வைத்தார்கள், அழகான மரியாதை.

நடுவில் நம்ம ஊர்ப் பதிப்பும் உண்டு. குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் நடித்த ஏவிஎம்மின் ‘குழந்தையும் தெய்வமும்’, 1965. அதில் தம்பதியைப் பிரிப்பது பெண்ணின் அம்மா, அதனால் பழியெல்லாம் மாமியார் தலையில் போய்விடுகிறது. அமெரிக்கப் படங்களில் அப்படித் தப்பிக்க வழியில்லை, சண்டை போட்டதும் பிரிந்ததும் அந்த இரண்டு பேர்தான், சேர்வதென்றாலும் அவர்களேதான் சேர வேண்டும்.

பழைய படம் ஜெயிப்பது இங்கேதான். புதியதில் மனைவி கோபத்தில் ஹேர் டிரையரை வீசிவிட்டுக் கிளம்பிப் போயிருக்கிறாள், கணவன் அவள் பின்னாலேயே போகவில்லை. கடைசியில் ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானம் ஏறி அவளுக்கு முன்பே லண்டன் போய் நிற்கிறான். டென்னிஸ் குவைடும் நடாஷா ரிச்சர்ட்சனும் அழகான ஜோடி, கண் கலங்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பணக்காரன் செய்கிற சமாதானம்.

1961இல் மொரீன் ஓ'ஹாரா சமையலறையில் குழம்பு கிண்டிக்கொண்டிருக்கிறார். முன்னாள் கணவன் பிரையன் கீத் வந்து நின்று, எதெல்லாம் இல்லாமல் ஏங்குகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்கிறார்: குளியலறையில் தொங்கும் அவளுடைய ஈரக் காலுறைகள், அவள் எடுத்து மழுக்கிவிட்ட ரேஸர், தூண்டில் பெட்டிக்குள் கலந்து கிடந்த அவளுடைய கொண்டை ஊசிகள். எல்லாமே ஒரு காலத்தில் அவர் எரிந்து விழுந்த விஷயங்கள். ஒரே வீட்டில் பத்து வருஷம் குடித்தனம் நடத்தினவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.