ஆங்கிலச் சொல் படிக்க குற்ற ஆவணப்படமா, பாட்காஸ்ட்டா, க்ரைம் தொடரா?

கொலையும் கொள்ளையும் பார்த்தா இங்கிலீஷ் படிக்கிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், எனக்குச் சொற்கள் ஒட்டியது அதில்தான். ஆனால் குற்றக் கதை என்று எதை எடுத்தாலும் அதே பலன் கிடைக்காது. நான்கு வகைகளை மாறி மாறி முயன்று பார்த்திருக்கிறேன்: பின்னணிக் குரல் கதை சொல்லும் குட்டி ஆவணப்படம், ஒரே வழக்கைப் பத்து மணி நேரம் தொடரும் நீள ஆவணத் தொடர், பாட்காஸ்ட், அப்புறம் கற்பனை க்ரைம் தொடர். சொற்களைச் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு முதலாவதற்கே.

ஒரு புதுச் சொல் ஒரே ஒருமுறை கேட்டு மனதில் நிற்பது அபூர்வம். பல தடவை, பல வாய்களிலிருந்து வர வேண்டும். ஒரு வழக்கைச் சொல்லும் படத்தில் இது தானாகவே நடக்கிறது. 'அலிபை' என்று முதலில் துப்பறிவாளர் சொல்வார், பிறகு வழக்கறிஞர், பிறகு பக்கத்து வீட்டுக்காரர், கடைசியில் பழைய செய்தித்தாளின் தலைப்பில் எழுத்தாகவே வந்து நிற்கும். குற்றம் நடந்த நேரத்தில் தான் வேறு இடத்தில் இருந்ததாகக் காட்டுவது என்பது அகராதியைத் திறப்பதற்குள் புரிந்துவிடும்.

இன்னொரு பெரிய லாபம், சொல்லோடு ஒட்டிவரும் சின்னச் சொற்கள். 'அக்யூஸ்ட்' என்றால் 'ஆஃப்', 'சார்ஜ்ட்' என்றால் 'வித்', 'கன்விக்டட்' (குற்றவாளி என்று தீர்ப்பானவர்) என்றால் மறுபடி 'ஆஃப்', 'சென்டென்ஸ்ட்' (தண்டனை விதிக்கப்பட்டவர்) என்றால் 'டு'. இலக்கணப் புத்தகத்தில் இதைப் படித்து மறந்தவன் நான், நாலைந்து படங்கள் பார்த்த பிறகு தவறாகச் சொன்னால் காதிலேயே உறுத்த ஆரம்பித்தது. அதேபோல 'எவிடென்ஸ்'. நம்மில் பலர் 'எவிடென்சஸ்' என்று எழுதுகிறோம், ஆனால் படத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்வதில்லை, 'பீஸ் ஆஃப் எவிடென்ஸ்' என்றுதான் வருகிறது. 'ராப்', 'ஸ்டீல்' இரண்டும் அப்படித்தான் தெளிவாகின. வங்கியை 'ராப்' செய்வார்கள், பணத்தை 'ஸ்டீல்' செய்வார்கள். மிரட்டியோ அடித்தோ பறித்தால் 'ராபரி', குற்றம் செய்யும் எண்ணத்தோடு கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைந்தால் 'பர்க்ளரி'.

சரி, குட்டி ஆவணப்படத்துக்கு வருகிறேன். நல்ல உதாரணம் 1996இல் தொடங்கிய 'ஃபாரென்சிக் ஃபைல்ஸ்'. விளம்பரத்தைக் கழித்தால் ஒரு பாகம் இருபது நிமிடம் சொச்சம்தான், சுமார் 400 பாகங்கள் இருக்கின்றன. பீட்டர் தாமஸ் என்பவரின் குரல் நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும்படி கதை சொல்லும். கடினமான சொல் வந்தால் அடுத்த வாக்கியத்திலேயே எளிய சொல்லில் விளக்கம் பெரும்பாலும் வந்துவிடும், ஏனென்றால் தடயவியல் தெரியாத சாதாரணப் பார்வையாளருக்காகத்தான் அது எழுதப்பட்டது. இருபது நிமிடம் என்பதால் அன்றே இரண்டாம் முறையும் பார்க்கலாம், இரண்டாம் முறையில்தான் சொற்கள் உட்காருகின்றன.

இதில் நான் மிகவும் மதிப்பது ரத்தம், கத்தி சம்பந்தப்பட்ட சொற்களை அல்ல. எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதைப் படிப்படியாகச் சொல்லும் சொற்களைத்தான். ஆய்வக நிபுணர் 'இது அவருடைய செருப்புத் தடம்' என்று பட்டென்று சொல்லமாட்டார், 'கன்சிஸ்டென்ட் வித்' என்பார், அதாவது பொருந்திப் போகிறது, அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன் என்று பொருள். முடிவு சொல்ல முடியாவிட்டால் 'இன்கன்க்ளூசிவ்'. இது இல்லை என்று கழித்துவிட்டால் 'ரூல்ட் அவுட்'. இவற்றை அப்படியே எடுத்து அலுவலக மின்னஞ்சலில் போடலாம், ஒரு கோளாறின் காரணம் இன்னும் தெரியவில்லை, ஆனால் இன்ன இன்ன காரணங்கள் இல்லை என்று எழுதும்போது இதைவிடப் பொருத்தமான மொழி கிடையாது. இப்படித் தயங்கி, அளந்து பேசத் தெரிவதுதான் ஆங்கிலத்தில் எனக்குப் பல வருடங்களாகக் கைவராமல் இருந்தது.

நீள ஆவணத் தொடர் வேறு ரகம். 2015இல் வந்த 'மேக்கிங் எ மர்டரர்' பத்து பாகங்கள், அதில் பின்னணிக் குரலே கிடையாது. விசாரணை அறை ஒலிப்பதிவுகள், தொலைபேசி உரையாடல்கள், நீதிமன்றக் காட்சிகள் என்று நிஜ மனிதர்கள் பேசுவதை வைத்தே கதை நகர்கிறது. மனிதர்கள் உண்மையில் எப்படித் திக்கி, பாதியில் விட்டு, முணுமுணுத்துப் பேசுகிறார்கள் என்று காட்ட இதுபோல வேறெதுவும் இல்லை. ஆனால் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாததால், தெரியாத சொல் தெரியாத சொல்லாகவே கடந்துபோகும். ஏற்கெனவே ஓரளவு தேறியவர்களுக்கு, காதைப் பழக்க, இது அருமை. தொடக்கத்தில் இதை எடுத்தால் சோர்வுதான் மிஞ்சும், நான் முதலில் செய்த தவறும் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு உதவும். ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டிஷ், அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் வரும் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆள், ஊர்ப் பெயர்களோடு ஏறக்குறைய 3,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்தால் 95 சதவீதச் சொற்கள் பிடிபடும், 98 சதவீதம் வேண்டுமென்றால் 7,000 வரை போக வேண்டும் என்று வந்தது. அடிப்படைச் சொற்களே தடுமாறும் நிலையில் இருப்பவர் எந்த ஆவணப்படத்தையும் தொடுவதற்கு முன் எளிய கதைப் புத்தகங்களோடு கொஞ்ச காலம் இருப்பது நல்லது.

பாட்காஸ்ட்டில் படம் இல்லை என்பது பெரிய இழப்பு. கயிற்றையும் கைரேகையையும் கண்ணால் பார்த்துச் சொல் கற்ற இடத்தில், வெறும் ஒலி மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் 2014இல் வந்த 'சீரியல்' என்ற பாட்காஸ்ட் போன்றவற்றுக்கு முழு எழுத்துவடிவம் இணையத்தில் கிடைக்கிறது, கேட்டுவிட்டு வாசிக்கலாம், வாசித்துவிட்டு மறுபடி கேட்கலாம். உச்சரிப்புக்கு இது நல்ல பயிற்சி. 'சஸ்பெக்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாம் அசையில். 'கன்விக்ட்' என்பதும் அப்படியே. இதைக் கண் பிடிக்காது, காதுதான் பிடிக்கும்.

கற்பனைத் தொடரை நான் கடைசியில்தான் வைப்பேன். பேச்சு வேகம் அதிகம், துறைச் சொற்களை விளக்கம் இல்லாமல் வீசிவிட்டுப் போவார்கள், கதை விறுவிறுப்பாக இருந்தால் சொல்லைக் கவனிக்கவே மனம் வராது. உரையாடல் நடை, கோபம், கிண்டல் இவற்றைக் கற்க மட்டும் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சொல் எந்த நாட்டினுடையது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் படத்தில் 'அட்டாப்சி' என்பது பிரிட்டிஷ் படத்தில் பெரும்பாலும் 'போஸ்ட்மார்ட்டம்'. அமெரிக்காவில் எப்போதும் காதில் விழும் 'ஃபெலனி' (கடுமையான குற்றம்) என்ற வகைப்பாட்டை இங்கிலாந்து 1967லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. சப்டைட்டிலை ஆங்கிலத்திலேயே வையுங்கள், தமிழில் வைத்தால் கண் அதையே படிக்கும், காது தூங்கிவிடும்.

இந்த வழியில் ஒரு ஆபத்தும் உண்டு, எனக்கே நடந்தது. ஒரு வாடிக்கையாளர் புகார் சொன்னதை மேலாளருக்கு எழுதும்போது 'அலெஜஸ்' என்று போட்டுவிட்டேன், படங்களில் நூறு முறை கேட்ட சொல். அவர் கூப்பிட்டு, வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்கிறாயா என்று கேட்டார். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு என்ற சந்தேக நிழல் அந்தச் சொல்லோடேயே வருகிறது, சாதாரணமாக 'சொல்கிறார்' என்பதற்கு அதைப் போட முடியாது. அன்று முதல், படத்தில் கற்ற ஒவ்வொரு சொல்லுக்கும் குற்றம் சம்பந்தப்படாத ஒரு வாக்கியத்தை அகராதியில் தேடி நோட்டில் எழுதிவைக்கிறேன். அப்படி ஒரு வாக்கியம் கிடைக்காத சொல்லைப் பேச்சில் எடுப்பதில்லை.

இவை உண்மையில் இறந்துபோனவர்களின் கதைகள், அவர்களுடைய வீட்டார் இன்னும் இருக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும். சில நாள் பார்க்கவே முடியாது. உங்களுக்கும் வன்முறை ஒத்துக்கொள்ளாது என்றால், பண மோசடி பற்றிய ஆவணப்படங்களை எடுங்கள். 'சார்ஜ்ட் வித்', 'கன்விக்டட் ஆஃப்', 'ரூல்ட் அவுட்' எல்லாம் அவற்றிலும் அப்படியே வருகின்றன, கூடவே கணக்கு, முதலீடு, கடன் சம்பந்தமான சொற்களும் சேர்ந்து கிடைக்கின்றன.