ஒரே பைனரி, பல லினக்ஸ்: மூன்று வழிகளின் ஒப்பீடு

உபுண்டுவில் தொகுத்த (பைனரியாக, அதாவது இயங்கும் கோப்பாக மாற்றிய) நிரலை ஆல்பைன் லினக்ஸில் நகலெடுத்து இயக்கினால், கோப்பு கண்முன்னே இருக்கையிலேயே 'அப்படியொரு கோப்பு இல்லை' என்ற பிழைச்செய்தி வரும். கெர்னலுக்கு (இயங்குதளத்தின் கருவுக்கு) கிடைக்காதது, அந்த நிரல் தன் எல்ஃப் தலைப்பில் (கோப்பின் தொடக்கக் குறிப்பில்) பெயர் குறித்து அழைக்கும் டைனமிக் லிங்க்கர், அதாவது தேவையான நூலகங்களை நிரலோடு இணைத்துத் தொடங்கிவைக்கும் கருவி. உபுண்டுவின் அடிப்படை ஜிலிப்சி என்னும் சி நூலகம் (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படைச் செயற்கூறுகளின் தொகுப்பு). ஆல்பைனோ 2014இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து மசல் என்னும் வேறொரு சி நூலகத்தின்மேல் நிற்கிறது. இரண்டின் லிங்க்கர்களுக்கும் பெயர் வேறு, இருக்கும் இடமும் வேறு.

இதற்குப் பலரும் முதலில் நாடுவது ஜிகாம்பாட் என்னும் பொதி. நிரல் தேடும் பெயரில் ஒரு லிங்க்கரையும், மசலில் இல்லாத சில செயற்கூறுகளையும் அது தருகிறது. ஆனால் உள்ளே ஓடுவது மசல்தான். ஜிலிப்சியில் ஒரு திரெட்டுக்கு (நிரலுக்குள் தனியாக ஓடும் இழைக்கு) வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் (செயற்கூறு அழைப்புகளுக்கான தற்காலிக நினைவகம்) கிடைக்கும். மசலில் இயல்பளவு 128 கேபி மட்டுமே. ஆகவே தன்னைத்தானே ஆழமாக அழைக்கும் செயற்கூறுகளைத் திரெட்டுகளில் ஓட்டும் நிரல் சோதனையில் ஒழுங்காக ஓடிவிட்டு, பெரிய உள்ளீடு வந்த நாளில் செக்மென்டேஷன் பிழையோடு விழக்கூடும். மூல நிரல் கையில் இல்லாதபோது மட்டுமே இவ்வழியைப் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது வழி, பழைய ஜிலிப்சி உள்ள கணினியில் தொகுப்பது. ஜிலிப்சி தன் குறியீடுகளுக்கு (செயற்கூறுகளின் பெயர்களுக்கு) பதிப்பெண் இடுவதால் பழைய பைனரி புதிய கணினியில் ஓடும். புதியது பழையதில் ஓடாது. 2021இல் வந்த 2.34 பதிப்பு திரெட் நூலகத்தை முதன்மை நூலகத்தோடு இணைத்ததுடன், நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறுக்கும் புதிய பதிப்பெண் தந்தது. அதனால், ஒரே ஒரு வரியை அச்சிடும் நிரலைக்கூட உபுண்டு 22.04இல் தொகுத்தால், 2.31 உள்ள உபுண்டு 20.04 அதை ஏற்காது. பைத்தான் மொழியின் பைனரிப் பொதிகளுக்கான மெனிலினக்ஸ்2014 என்ற வரையறை, பழையது புதியதில் ஓடும் என்பதால்தான் சென்ட்ஓஎஸ் 7இன் 2.17ஐ அடித்தளமாகக் கொண்டது. எனினும் இவ்வழி ஆல்பைனை எட்டாது. அதற்கென மசல்லினக்ஸ் என்ற தனி வரையறை தேவைப்பட்டது.

மூன்றாவது, மசலோடு ஸ்டாட்டிக்காக, அதாவது நூலகத்தையும் நிரல்கோப்புக்குள்ளேயே வைத்து, இணைப்பது. லிங்க்கரைத் தேடும் தேவையே இராததால், செயலி வகை ஒன்றாக இருக்கும்வரை இரு தரப்பு லினக்ஸிலும் அதே கோப்பு ஓடும். (ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காக இணைப்பது இதற்கு ஈடாகாது, பெயர்த்தீர்வுக்கு (இணையப் பெயரை முகவரியாக மாற்ற) அது இயங்கும் நேரத்தில் மீண்டும் பகிர்வு நூலகங்களையே தேடும்.) ஸ்டாக் சிக்கல் இங்கும் உண்டு; ஆனால் தொகுப்பவர் நாமே என்பதால், இணைக்கும்போதே அதன் அளவைக் கூட்டிவிடலாம். செருகுநிரல்களையோ கிராஃபிக்ஸ் டிரைவர்களையோ இயங்கும்போது ஏற்ற முடியாது என்பதே பெரிய இழப்பு. லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்குச் சென்றால் கெர்னல் அழைப்புகளே மாறிவிடுவதால், அங்கே லினக்ஸ் ஒத்திசைவு அடுக்கை இயக்காமல் இந்தக் கோப்பும் ஓடாது.

கட்டளைவரிக் கருவிகளுக்கு நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவதை. செருகுநிரல்களை நம்பிய மென்பொருளுக்கு இரண்டாவதையும், அதோடு ஆல்பைனுக்குள்ளேயே தொகுத்த தனிப் பைனரி ஒன்றையும்.