பெருமைக்கும் ஆணவத்துக்கும் அரபுச் சொல்: கிருஷ்ணகிரியில் ஒரு ஞாயிறு வகுப்பு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 1 மணி வரை நடக்கும் ஆங்கில, அரபுச் சொல்வகுப்பில் 12 வாரம் படித்து முடித்திருக்கிறேன். கட்டணம் 2,400 ரூபாய். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை எண்ணித் தொடங்கிய வகுப்பு இது. ஆனாலும் ஊரில் இருந்தபடியே அந்த நாட்டவரோடு எழுதிப் பேச வேண்டியவர்களும் நிறையவே வருகிறார்கள். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கோபம், நன்றி, கடன், வெட்கம் என்று சொற்களைக் குடும்பம் குடும்பமாக எடுத்துப் பாடம் நடத்துகிறார்கள். பெருமை, ஆணவம் பற்றிய சொற்களுக்கு மூன்று வாரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த மூன்று வாரத்துக்காகவே நான் சேர்ந்தேன் என்பதால், இந்த மதிப்புரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். பெங்களூரா மாம்பழக் கூழின் மாதிரியை ஜித்தாவில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பியபோது, ஆங்கிலக் கடிதத்தின் அடியில் மரியாதைக்காக ஒரு வரி அரபும் இருக்கட்டும் என்று எண்ணினேன். ‘எங்கள் தரத்தில் பெருமை கொள்கிறோம்’ என்பதைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் சொல் சொல்லாகத் தேடி, ‘முதகப்பிரூன்’ என்ற சொல்லைப் போட்டு அனுப்பிவிட்டேன். அதற்கு ‘ஆணவம் பிடித்தவர்கள்’ என்று பொருள். அந்த வாடிக்கையாளர் கோபப்படவில்லை. உங்களுக்கு வேண்டிய சொல் ‘நஃப்தகிர்’, அதாவது ‘பெருமைப்படுகிறோம்’ என்று திருத்தி, பணிவான பதில் ஒன்றை எழுதினார். அந்தப் பணிவுதான் என்னைக் கூச வைத்தது. சொல்லின் பொருளை மட்டும் கற்றால் போதாது, எந்தச் சொல் யார் வாயில் யாரைப் பற்றி வரலாம் என்பதையும் கற்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

முதல் வாரப் பாடத்தை நான் மறக்க மாட்டேன். தம்மாமில் பல ஆண்டுகள் வேலை செய்து திரும்பிய அரபு ஆசிரியர், கரும்பலகையில் காஃப், பா, ரா என்ற மூன்று எழுத்துகளை இடம் விட்டு எழுதினார். இவற்றுக்கு அடிப்படைப் பொருள் ‘பெரிது’ என்றார். அந்த மூன்றிலிருந்தே ‘கபீர்’ வந்தது, பெரியது. ‘அக்பர்’ வந்தது, மிகப் பெரியது. ‘கிப்ர்’ வந்தது, ஆணவம். ‘தகப்புர்’ வந்தது, தன்னைப் பெரிதாக்கிக்கொள்வது. அப்படிச் செய்பவன் ‘முதகப்பிர்’. எழுதி முடித்துவிட்டுத் திரும்பி, “நம்முடைய ‘பெருமை’ எதிலிருந்து வந்தது?” என்று கேட்டார். ‘பெரு’ என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். பெரிது என்ற ஒரே கருத்திலிருந்து தமிழ் நல்ல சொல்லைப் பெற்றது, அரபு பழிச்சொல்லைப் பெற்றது என்பது அந்த ஒரு கேள்வியில் விளங்கியது. என் கடிதம் கெட்ட இடமும் சரியாக அதுவே.

அதே ‘முதகப்பிர்’ என்ற சொல் இறைவனின் பெயர்களில் ஒன்றாகக் குர்ஆனின் 59ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அங்கே அது புகழ்ச்சி. மனிதனைக் குறித்தால் இகழ்ச்சி. உண்மையில் பெரியவன் ஒருவனே என்பதால் மற்றவர்கள் அந்தப் பெருமையை எடுத்துக்கொள்வது பிழையாகிறது என்று ஆசிரியர் விளக்கினார். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவருக்கும் உறுத்தாத வகையில், மொழிச் செய்தியாக அதைச் சொன்ன பாங்கு எனக்குப் பிடித்திருந்தது.

அப்போது ரியாத்துக்குப் புறப்படவிருந்த எலக்ட்ரீசியன் தம்பி ஒருவர், “நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனால் அதுவும் கிப்ர் ஆகுமா சார்?” என்று கேட்டார். ஏறக்குறைய இதே கேள்வியை நபிகளிடமே ஒருவர் கேட்டிருக்கிறார் என்றார் ஆசிரியர். ஆடையும் செருப்பும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது கிப்ர் ஆகுமா என்ற கேள்விக்கு, இறைவன் அழகானவன், அழகை விரும்புகிறவன், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதுமே கிப்ர் என்ற பொருளில் நபிகள் விடை சொன்னதாக நபிமொழித் தொகுப்பில் இருப்பதை எடுத்துச் சொன்னார். ஒரு சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான வரையறையை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

இரண்டாம் வாரம் ‘ஃபக்ர்’. நமக்குப் பழக்கமான பெயரிலிருந்து தொடங்கியது நல்ல உத்தி: 1974 முதல் 1977 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஃபக்ருதீன் அலி அகமதுவின் பெயருக்கு ‘மார்க்கத்தின் பெருமை’ என்று பொருள். பிள்ளையைப் பார்த்துத் தந்தை சொல்லும் பெருமை இந்தச் சொல்லில் அடங்கும். ஆனால் அதே வேரில் வரும் ‘ஃபகூர்’ இரு பக்கமும் வெட்டும். இன்றைய பேச்சில் ‘உன்னால் நான் ஃபகூர்’ என்றால் மனம் நிறைந்த பாராட்டு. குர்ஆனில் லுக்மான் தன் மகனுக்குச் சொல்லும் அறிவுரையில் அதே சொல் தற்பெருமை பேசுகிறவனைக் குறிக்கிறது. ஃபக்ர் என்பது பழைய அரபுக் கவிதையில் ஒரு தனி வகை என்றும், கவிஞன் தன்னையும் தன் குலத்தையும் உயர்த்திப் பாடுவதே அது என்றும் ஆசிரியர் சொன்னபோது, நம் புறப்பாட்டில் வீரன் தன் ஆற்றலைத் தானே சொல்லும் ‘நெடுமொழி’ நினைவுக்கு வந்தது. அண்டை ஊரான தருமபுரி, தகடூர் என்ற பெயரோடு அதியமானின் ஊராக இருந்த காலத்துப் பாட்டுகளில் அந்தப் பெருமிதம் நிறைந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னேன். ஆசிரியர் உடனே குறித்துக்கொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘உஜ்ப்’. வியப்பு என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்த இது, தன்னைத் தானே வியந்துகொள்வதைக் குறிக்கிறது. ‘பணியுமாம் என்றும் பெருமை சிறுமை அணியுமாம் தன்னை வியந்து’ என்ற குறளைப் படித்தவர்களுக்கு இதை மொழிபெயர்க்கவே வேண்டாம்; ‘தன்னை வியந்து’ என்பதும் ‘உஜ்ப்’ என்பதும் ஒரே உணர்வை ஒரே வழியில் பிடித்திருக்கின்றன. கிப்ருக்கு எதிரே இன்னொருவர் வேண்டும், உஜ்புக்குக் கண்ணாடி முன் தான் மட்டும் இருந்தால் போதும் என்று ஆசிரியர் வேறுபடுத்தியதும் தெளிவாக இருந்தது. ‘குரூர்’ என்ற சொல்லில்தான் கொஞ்சம் சறுக்கினார்கள். அச்சிட்ட தாளில் அதற்குக் ‘கர்வம்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதன் வேரில் இருப்பது ஏமாற்றுதல் என்ற பொருள். தன்னைப் பற்றிய பொய்யில் தானே மயங்கியிருப்பவன்தான் ‘மக்ரூர்’. வீட்டில் உருது பேசும் மாணவிகள் இருவருக்கு இந்தச் சொற்கள் முன்பே தெரிந்திருந்தன. உருதுவில் அவை கர்வம் என்ற பொருளிலேயே புழங்குவதால், அந்த ஏமாற்றப் பொருள் அவர்களுக்கும் புதிதாக இருந்தது.

ஆங்கிலப் பகுதியை வேறோர் ஆசிரியர் எடுத்தார். அவருக்குப் பாடம் தெரியும், பொறுமை இல்லை. ‘ப்ரௌட்’ என்ற சொல் வீரமுள்ளவர் என்று பொருள் தந்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பதையும், ‘அரகன்ஸ்’ தனக்கு உரிமையில்லாததைத் தனக்கென்று கோருவதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது என்பதையும் இரண்டே நிமிடத்தில் சொல்லிக் கடந்துவிட்டார். எனினும் ஒரு செய்தி என் வேலைக்கு நேரடியாக உதவியது. ‘ப்ரௌட் ஆஃப்’ என்று ஒன்றைச் சுட்டிச் சொன்னால் அது நிறைவான பெருமை. ‘டூ ப்ரௌட் டு’ என்று தொடங்கினால் உதவி கேட்கவோ மன்னிப்புக் கேட்கவோ தடையாக நிற்கும் வறட்டுக் கௌரவம். எதையும் சுட்டாமல் ஒருவரை ‘ப்ரௌட்’ என்று மட்டும் சொன்னால், புகழ்கிறோமா பழிக்கிறோமா என்பதைக் கேட்பவர் குரலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கடிதத்தில் குரல் கேட்காது என்பதால், இந்த மூன்றாவது வகையை நான் இப்போது எழுதுவதே இல்லை.

உடலை வைத்து மூன்று மொழிகளையும் ஒப்பிட்ட அரைமணி நேரம் ஆங்கில வகுப்பின் சிறந்த பகுதி. ‘சூப்பர்சீலியஸ்’ என்ற சொல்லுக்குள் இலத்தீனில் புருவம் இருக்கிறது. புருவத்தை உயர்த்திப் பார்க்கும் அலட்சியம் அது. அரபியில் மூக்கு: ‘அன்ஃப்’ என்றால் மூக்கு, அதிலிருந்து வந்த ‘அனஃபா’ இழிவானதைத் தொடாத தன்மானம். வளைகுடாப் பேச்சில் மூக்கு ‘கஷ்ம்’ ஆகிறது. மூக்கைத் தூக்கிக்கொண்டவன் என்றால் அங்கே பழிப்பு. நமக்கோ தலை: தலைக்கனம், மண்டைக்கனம். நடையையும் விட்டுவைக்கவில்லை. செருக்கான நடையைக் குறிக்கும் அரபுச் சொல்லைக் குதிரையைக் குறிக்கும் சொல்லோடு அரபு அகராதிக்காரர்கள் இணைக்கிறார்கள். வள்ளுவர் ‘ஏறுபோல் பீடு நடை’ என்று காளையைக் காட்டுகிறார். எருது விடும் விழாவில் திமிலை ஆட்டிக்கொண்டு காளை வருவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பீடு என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குறைகளில் பெரியது அச்சிட்ட தாள்தான். அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுக்கிறார்கள். நம் ஒரு ‘க’, அரபியின் பல ஒலிகளுக்கு நிற்க வேண்டியிருப்பதால், பெருமையைக் குறிக்கும் ஃபக்ரும் வறுமையைக் குறிக்கும் ஃபக்ரும் தாளில் ஒரே மாதிரி கிடக்கின்றன. முன்னதில் தொண்டையை உரசி வரும் ‘ஃகா’, பின்னதில் அடித்தொண்டையில் வெடிக்கும் ‘காஃப்’. நாம் அறிந்த ‘பக்கீர்’ இந்த இரண்டாவதிலிருந்து வந்தவர். ‘எங்கள் தரமே எங்கள் பெருமை’ என்று சொல்லப்போய் ‘எங்கள் வறுமை’ என்று ஒருவர் சொல்லிவிடக் கூடும். முதலாளியின் முன்னே அப்படிச் சொல்லும் நிலை வேலை தேடிப் போகும் ஒரு தம்பிக்கு வரக் கூடாது. வாய்விட்டுச் சொல்லிப் பழக்கியபோது ஆசிரியர் ஒலிகளை நன்றாகத் திருத்தினார். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படிக்கத் தாள்தானே துணை. ஒலிப்பதிவும் தருவதில்லை. பேச்சுவழக்குக்கு ஒதுக்கிய நேரமும் போதாது. ‘ஷாயிஃப் நஃப்ஸஹ்’, அதாவது தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவன், என்பது போன்ற அன்றாடத் தொடர்கள் கடைசி வாரத்தில் அவசரமாக வந்து போயின; கட்டுமான இடத்திலும் கடையிலும் காதில் விழப்போவது அவைதான்.

இவற்றை வகுப்பு முடிந்த அன்றே இருவரிடமும் சொன்னேன். அரபு எழுத்தையும் சேர்த்துத் தாளைத் திரும்ப அச்சிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். எழுத்துவேலை செய்கிறவர்களுக்கு இப்போதே தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்த மாதமே விமானம் ஏறுகிறவர்கள் பேச்சுப் பயிற்சி மட்டும் தனியாக உண்டா என்று கேட்டுவிட்டுச் சேரலாம். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம். மாடிப்படி செங்குத்தானது என்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே கடையின் பின்னறையில் இடம் தருகிறார்கள். அடுத்த அணி, மாங்காய் வரத்து ஓய்ந்து எங்களைப் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்த பிறகு தொடங்குகிறது.