ஏற்காடா, கொடைக்கானலா? சின்னப் பிள்ளைகளோடு ஏரிக்கரை விடுமுறை

ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஏரியை அல்ல, மலையேறும் வழியை. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ.தான். 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்றாலும், பிள்ளை சிணுங்கத் தொடங்குவதற்குள் ஊர் வந்துவிடும். கொடைக்கானல் அப்படியில்லை. கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கிய பிறகும் ஏறத்தாழ 80 கி.மீ. போக வேண்டும். வயிறு முட்ட இட்லி ஊட்டிவிட்டு ஏற்றினால் பாதி மலையில் அத்தனையும் உங்கள் மடியில்தான். மாற்றுத் துணியும் பழைய துண்டும் டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். அப்புறம், கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) எடுக்க மறக்கக் கூடாது.

ஏரியை மட்டும் வைத்துச் சொன்னால் கொடைக்கானல்தான். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி. சுற்றிவர 5 கி.மீ. பாதை, வாடகை சைக்கிள், குதிரை, சூடான சோளம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை அரை கி.மீ.யில் "தூக்கு" என்று நிற்கும். மிச்சத் தூரம் அப்பா தோள்தான் குதிரை.

ஏற்காடு ஏரி சின்னது. படகில் ஒரு சுற்று, பக்கத்திலேயே அண்ணா பூங்கா, சரி, அறைக்குத் திரும்பித் தூங்க வைக்கலாம். குளிரும் குறைவு, கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், இது 1,500 சொச்சம்.

கைக்குழந்தை என்றால் ஏற்காடு, யோசிக்கவே வேண்டாம். சைக்கிள் மிதிக்கும் வயது வந்துவிட்டால் கொடைக்கானல் போங்கள். மே மாத ஞாயிறு மட்டும் வேண்டாம்.