உருளும் வட்டங்களும் ஜியோஜீப்ராவும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

குன்னூரில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மழைக்காலத்தில் இங்கே சிக்னல் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதனால் இணையம் இல்லாமலே ஓடும் ஜியோஜீப்ரா கிளாசிக் 5 என்ற கணித வரைபட மென்பொருளைத்தான் பழைய லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு இலவசம் என்பது இன்னும் நல்லது.

இதை நான் அதிகம் பயன்படுத்துவது உருளும் வட்டங்களுக்கு. துணையலகு (parametric) சமன்பாட்டைத் தட்டினால் சைக்ளாய்டு, அதாவது உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி போகும் வளைவு, உடனே வந்துவிடும், ஆனால் அதில் சக்கரம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் சக்கரத்தைக் கட்டச் சொல்வேன். ஆரம் 1 என்றால், ஸ்லைடரின் (இழுத்து எண்ணை மாற்றும் பட்டையின்) மதிப்பு எவ்வளவோ அவ்வளவு தூரம் மையம் வலப்பக்கம் நகர வேண்டும். விளிம்புப் புள்ளி அதே அளவு ரேடியன் கடிகாரத் திசையில் சுழல வேண்டும். சுழற்சியில் மைனஸ் குறி விட்டுப்போனால் சக்கரம் முன்னால் போய்க்கொண்டே பின்னோக்கிச் சுற்றும். வழுக்காமல் உருள்வது என்றால் என்ன என்பது அங்கேதான் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. ஸ்லைடரை எண் வகையாக வையுங்கள். கோண வகை 360 பாகையோடு நின்றுவிடும்.

வளைவை வரைவதற்கு ட்ரேஸ், அதாவது புள்ளி நகரும்போது விட்டுச்செல்லும் தடம், வேண்டாம். படத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே அழிந்துவிடும். லோகஸ், அதாவது புள்ளி போகும் வழி முழுவதையும் கோடாக வரையும் நியமப்பாதை, நிலைத்து நிற்கும். ஆரத்தை மாற்றினால் தானும் மாறும்.

எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்துவது அடுத்தது. புள்ளியை மையத்திலிருந்து 1.2 தூரத்துக்குத் தள்ளுங்கள். தண்டவாளக் கோட்டுக்குக் கீழே வரை இறங்கும் சின்னச் சுருக்குகள் விழும். ரயில் சக்கரத்தில் தண்டவாளத்துக்குக் கீழே இறங்கும் விளிம்பு இப்படித்தான் ஓடுகிறது. ரயில் ஊட்டியை நோக்கிப் போகும்போதும் அந்த விளிம்பின் அடிப்பகுதி ஒரு கணம் மேட்டுப்பாளையம் பக்கமாகவே நகர்கிறது. "சும்மா சொல்றீங்க சார்" என்பவர்கள் ஸ்லைடரை மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள்.

பெரிய வட்டத்துக்குள் சிறியதை உருட்டும்போது ஒரு சிக்கல் வரும். ஆர விகிதம் 4 என்றால் சிறிய வட்டத்தின் சுழற்சியை, மையம் சுற்றிவரும் கோணத்தைப் போல 4 மடங்கு போடத் தோன்றும். 3 மடங்குதான் சரி. மையமே எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்துவிடுகிறதே! சரியாகப் போட்டால் ஆஸ்ட்ராய்டு என்ற நான்கு முனை நட்சத்திர வளைவு வரும். விகிதத்தை 2 ஆக்கினால் வளைவே இல்லை, நேர்கோடு. 13-ஆம் நூற்றாண்டிலேயே பாரசீக அறிஞர் நசீர் அல்-தீன் அல்-தூசி இதை வானியலில் பயன்படுத்தினார்.

குறைகளும் உண்டு. ஒரே பக்கத்தில் நாலைந்து லோகஸ் வைத்தால் என் லேப்டாப் திணறுகிறது. துல்லியமான நீளம், தொடுகோடு என்று கணக்குப் போட வேண்டுமானால் கடைசியில் சமன்பாட்டைத் தட்டித்தான் ஆக வேண்டும். அப்போது ஆரம் 1 உள்ள சக்கரம் ஒரு முழுச் சுற்றில் வரையும் சைக்ளாய்டு வளைவுக்கு நீளம் சரியாக 8 என்று வரும், பை எதுவும் ஒட்டாமல். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரும் கணித அறிஞருமான கிறிஸ்டோபர் ரென் 1658-இல் கண்டது இதைத்தான். போனில் மட்டும் முயல வேண்டாம். விரல் பட்டதும் ஸ்லைடருக்குப் பதில் படமே நகர்ந்துவிடுகிறது.