கம்பெனி முகமா, கஸ்டம் முகமா? மதுரைல இருந்து பொம்மை சேக்குறவங்களுக்கு

பொம்மைக்கு கண்ணு, புருவம், உதடெல்லாம் கம்பெனியே போட்டு அனுப்புனா அது கம்பெனி முகம், நாம ஒரு ஆர்ட்டிஸ்ட்ட புடிச்சு தனியா போட்டுக்கிட்டா கஸ்டம் முகம். கம்பெனி பெயிண்ட்னாலே மெஷின்ல அடிச்ச முகம்னு நெனச்சுக்கிறாய்ங்க, அது பாதிதான் சரி. பார்பி, மான்ஸ்டர் ஹை மாதிரி வினைல் தலை பொம்மைக்கு முகத்து மேல கச்சிதமா உக்கார்ற மாதிரி ஒரு மூடி போட்டு ஸ்ப்ரே அடிப்பாங்க, இல்லேன்னா ரப்பர் பேட்ல இங்க் எடுத்து கண்ணு மேல ஒத்தி எடுப்பாங்க, இப்ப வர்ற சிலதுல பிரிண்டர்லயே அடிச்சு விட்டுர்றாய்ங்க, லென்ஸ் வச்சுப் பாத்தா கண்ணு பூரா புள்ளி புள்ளியா இருக்கும். ஆனா ரெசின்ல, அதாவது அச்சுல ஊத்தி எடுக்குற கெட்டி பிளாஸ்டிக்ல, மூட்டுக்கு மூட்டு உருண்டை வச்சு வர்ற பால் ஜாயின்டட் டால், சுருக்கமா பிஜேடி, அதுக்கு கம்பெனி முகம்னாலும் அங்க சம்பளத்துக்கு இருக்குற ஒரு ஆர்ட்டிஸ்ட் ஏர்பிரஷ்ஷும் பொடி பிரஷ்ஷும் வச்சு கையால போட்டதுதான். ஜப்பான்ல வோக்ஸ் கம்பெனி 1999ல சூப்பர் டால்ஃபிய இறக்குனதுலேர்ந்து இந்த வகை பரவுச்சு, தலைய முகம் போடாம வெறுமனே பிளாங்க்கா வாங்கிக்கலாம், கூட காசு கட்டுனா முகம் போட்டு அனுப்புவாங்க, அதுக்குப் பேருதான் பேஸ்அப்.

அதனால வினைல்ல சண்டை மெஷினுக்கும் கைக்கும். ரெசின்ல ரெண்டுமே கைதான், ஆயிரம் பேருக்கு ஒரே டிசைன் போடுற கையா, உங்க ஒருத்தருக்குன்னு போடுற கையாங்கிறதுதான் வித்தியாசம். இத பிரிக்காம ரெண்டையும் ஒரே தட்டுல போட்டு எது அழகுன்னு பேசிக்கிட்டே இருந்தா விடிஞ்சுரும். என்னக் கேட்டா மதுரைல உக்காந்துக்கிட்டு பொம்மை வாங்குறவங்க கேக்க வேண்டியது வேற ஒண்ணு. அஞ்சு வருஷம் கழிச்சு உதட்டுல பெயிண்ட் உரிஞ்சா, புருவம் ஒரு பக்கம் மங்குனா, அத யாரு சரி பண்ணித் தருவா?

கம்பெனி முகத்துல பெரிய நிம்மதி என்னன்னா போட்டோவுல என்ன காட்டுனாங்களோ ஏறக்குறைய அதுதான் வரும். ஏறக்குறையன்னு சொல்றேன், ஏன்னா வினைல் பொம்மைல கண்ணு ஒண்ணு ஒரு நூல் மேல ஏறி உக்காந்திருக்குறது சகஜம், கடைல நேர்ல பாத்து வாங்குனா பத்துப் பெட்டிய வரிசையா வச்சு நல்ல முகமா பொறுக்கலாம், ஆன்லைன்ல வந்தது வந்ததுதான். அப்புறம் விக்குற நேரத்துக்கு கம்பெனி முகத்துக்கு மரியாதை ஜாஸ்தி. லிமிட்டட் எடிஷன் பிஜேடி ஒண்ண எடுத்து அதோட ஒரிஜினல் பேஸ்அப்ப அழிச்சுட்டீங்கன்னா சர்டிபிகேட் பத்திரமா இருந்தாலும் வெலை எறங்கிரும், வாங்குறவன் கம்பெனி படத்தோட ஒப்பிட்டுப் பாக்க அதுல ஒண்ணும் இருக்காது. நம்ம ஊர் வீடுகள்ல பரண்ல கெடக்கும் பாருங்க, தொண்ணூறுகள்ல லியோ மட்டேல் பேர்ல இந்தியாவுல வந்த சேலை கட்டுன பார்பி, அத எடுத்து கண்ணு பழசா இருக்கு புதுசா போட்டுரலாம்னு யாராச்சும் கிளம்பினா தயவுசெஞ்சு கையப் புடிச்சு நிறுத்துங்க. நெத்தில இருக்குற அந்தப் பொட்டும் மையும் சேத்துதான் அதோட மதிப்பே.

கஸ்டம் பக்கம் வருவோம், இங்கதான் எனக்கு பேச நெறைய இருக்கு.

முத விஷயம் நிறம். கம்பெனிங்க மாநிறத்துலயும் கருப்புலயும் பொம்மை விடுறாங்க, சந்தோசம், ஆனா பல நேரம் வெள்ளைத் தோலுக்குப் போட்ட அதே பிங்க் உதடு, அதே வெளிர் கன்னம், அப்படியே தூக்கி இதுக்கும் போட்டுர்றது, பாத்தா கல்யாண வீட்ல ஒரு டஜன் பேருக்கு அவசரமா ஒரே பவுடர் அப்புன பியூட்டி பார்லர் வேலை மாதிரி இருக்கு. நல்ல கஸ்டம் ஆர்ட்டிஸ்ட் இதுக்கு செங்கல் நிறம், காப்பிப் பொடி நிறம், ஆழமான மெரூன்னு கலந்து கன்னத்துலயும் இமையிலயும் ஏத்துவாங்க, கருப்பு ரெசின்ல சாதா பேஸ்டல் பொடி, அதான் சாக்பீஸ் மாதிரி இருக்குற கலர்க்கட்டிய உரசி எடுக்குற பொடி, தெரியவே தெரியாது, நிறமி அடர்த்தியான பேஸ்டலா எடுத்து ஒவ்வொரு அடுக்கா சீல் பண்ணிப் பண்ணி ஏத்தணும். அதே மாதிரி மை தீட்டுன கண்ணு வேணும், புருவம் கொஞ்சம் தடிச்சு நெருங்கி இருக்கணும், பொட்டு வேணும், மூக்குத்திக்கு ஓட்டை வேணும்னு கேக்க முடியும். கம்பெனி கேட்டலாக்ல இதெல்லாம் தேடுனா கெடைக்கிறது கஷ்டம்.

ஆனா கருப்பு, மாநிற ரெசின்ல ஒரு ஆபத்தும் இருக்கு. உரசுனா வெள்ளையா கோடு விழும், பழைய முகத்த அழிக்கிறேன்னு சால்வென்ட்ட ஊத்தி அழுத்தித் தேய்ச்சா நிறம் திட்டுத் திட்டாப் போயிரும். அதனால கருப்புப் பொம்மைய கம்பெனி பேஸ்அப்போட வாங்கி அப்புறம் அழிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, கஸ்டம்தான்னு முடிவு பண்ணிட்டா மொதல்லயே பிளாங்க்கா எடுத்துருங்க.

அழிக்கிறதுலயும் ஒவ்வொரு பொருளுக்கு ஒவ்வொரு குணம். வினைல் தலைல கம்பெனி பெயிண்ட்ட அசிட்டோன் எடுத்துரும், பஞ்சுல கொஞ்சமா தொட்டு முடி மேல படாம வேகமா முடிச்சுரணும். அதே அசிட்டோன ப்ளைத் பொம்மையோட முகத்துல வச்சீங்கன்னா கதை முடிஞ்சுச்சு, அது ஏபிஎஸ் பிளாஸ்டிக், கரைஞ்சுரும். ப்ளைத் தெரியாதவங்களுக்கு, 1972ல அமெரிக்காவுல கென்னர் கம்பெனி விட்டது, பெரிய தலை, பின்னாடி கயித்த இழுத்தா கண்ணு நாலு நிறம் மாறும், ஒரே வருசத்துல நின்னுபோச்சு, அப்புறம் 2001ல ஜப்பான்ல டகாரா திரும்பக் கொண்டுவந்தப்பதான் ஓட ஆரம்பிச்சுச்சு. இதுல கஸ்டம்னா பெயிண்ட்டோட நிக்கிறதில்ல, கம்பெனி பளபளப்ப உப்புத்தாள் வச்சு எடுத்து, மூக்க, உதட்ட கத்தியால செதுக்கி, கண்ணுக்குள்ள இருக்குற கலர் சில்ல மாத்தி, இமைல படம் வரைஞ்சு, பெரிய வேலை. பெயிண்ட்ட பிடிக்கலேன்னா அழிச்சுக்கலாம், செதுக்குனத ஒட்ட வைக்க முடியாது. அதனால ப்ளைத்ல கஸ்டம் போறவங்க அந்த ஆர்ட்டிஸ்ட்டோட பழைய வேலைய வெளிச்சத்துல, பக்கவாட்டுல எடுத்த போட்டோவா கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, நேரா எடுத்த போட்டோவுல எல்லா மூக்கும் அழகுதான்.

காசு. கம்பெனி பேஸ்அப்புக்கு பொம்மை வெலைக்கு மேல கொஞ்சம் கூடக் கட்டுனாப் போதும், பொம்மையோடவே வந்துரும். வெளிநாட்டு ஆர்ட்டிஸ்ட்டுன்னா பொதுவா 50 டாலர்லேர்ந்து 150 வரைக்கும் கேப்பாங்க, பேர் எடுத்தவங்க அதுக்கும் மேல. இது பரவால்ல, போக வர கூரியர் இருக்கு பாருங்க, அதுக்கு மேல கஸ்டம்ஸ், அதான் சுங்க இலாகா, இருக்கு. பொம்மைக்கு இறக்குமதி வரிய 2020ல 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆக்குனாங்க, 2023ல 70. நீங்க அனுப்புனது உங்க பொம்மைத் தலையே தான், முகம் போட்டுத் திரும்பி வருது, ஆனா அங்க உக்காந்திருக்குறவருக்கு அது வெளிநாட்டுலேர்ந்து உள்ள வர்ற சரக்கு, நம்ம பொருள்தான்னு காகிதம் காட்டி நிக்கணும். பிஜேடில ஒரு சவுகரியம், தலை கொக்கில மாட்டியிருக்குறதுதான், தனியா கழட்டி கண்ணையும் விக்கையும் எடுத்துட்டு வெறும் தலைய மட்டும் அனுப்பலாம். இருந்தாலும் மதுரைலேர்ந்து வெளிநாட்டுக்கு முகம் போட அனுப்புறது என் கணக்குல வேலைக்காகாது, ஒருதடவை மட்டும்னா கூட யோசிக்கலாம், அஞ்சு வருசத்துல திரும்ப சரி பண்ணணுமே, அப்பவும் இதே கூத்துதான்.

இந்தியாவுக்குள்ள போடுறவங்க இருக்காங்க, கொஞ்சம் பேர்தான், ஆனா இருக்காங்க. அவங்ககிட்ட அழகுக்கு முன்னாடி கேக்க வேண்டியது சீலன்ட். பேஸ்அப்ல பெரும்பாலும் இருக்குறது பேஸ்டல் பொடியும் வாட்டர்கலர் பென்சிலும்தான், அத முகத்தோட புடிச்சு வைக்கிற மேல்பூச்சுதான் சீலன்ட். எல்லாரும் தேடுறது ஜப்பான் மிஸ்டர் சூப்பர் கிளியர், அதுல யுவி தடுக்குற வகை உண்டு, ஆனா அது ஏரோசால் டப்பா, தீப்பிடிக்கிற சமாச்சாரம், விமானத்துல சும்மா பார்சல் போட்டு வரவைக்க முடியாது. கெடைச்சவங்க அடிக்கிறாங்க, கெடைக்காதவங்க அக்ரிலிக் மேட் வார்னிஷ்ஷ ஏர்பிரஷ்ல போடுறாங்க, இதுவும் நல்லாத்தான் நிக்கும். ஹார்ட்வேர் கடைல கெடைக்கிற ஏதோ ஒரு கிளியர் ஸ்ப்ரேன்னு சொன்னா அங்கேயே நன்றி சொல்லிட்டு வந்துருங்க, வினைல் மேல சில ஸ்ப்ரே காயவே காயாது, மாசக்கணக்குல பிசுபிசுன்னு தூசியப் புடிச்சுக்கிட்டு நிக்கும். வீட்லயே அடிச்சுப் பாக்குறேன்னு கெளம்புறவங்களுக்கு ஒண்ணு, என்95 மாஸ்க் தூசியத்தான் தடுக்கும், சால்வென்ட் ஆவிய தடுக்காது, அதுக்கு கார்ட்ரிட்ஜ் மாட்டுற ரெஸ்பிரேட்டர் வேணும், மொட்டை மாடிலதான அடிக்கிறோம்னு விட்டுறாதீங்க.

மொட்டை மாடின்னதும் நம்ம ஊர் வானிலை. சித்திரை வெயில்ல மத்தியானம் ஸ்ப்ரே அடிச்சா பொம்மையத் தொடுறதுக்குள்ள காத்துலயே காஞ்சு மணல் மாதிரி சொரசொரன்னு உக்காரும். ஐப்பசி கார்த்திகைல மழை ஈரத்துல அடிச்சா முகம் பூரா வெள்ளை பூத்துரும். தை, மாசில வெயில் ஏறி பனி அடங்குனதுக்கு அப்புறம் அடிக்கிறதுதான் தோது. கம்பெனி முகத்துக்கு இந்தத் தலைவலி கெடையாது, அவிங்க ஏசி ரூம்ல ஈரப்பதம் பாத்து அடிச்சு அனுப்பிருவாய்ங்க, இதுல கம்பெனிக்கு முழு மார்க் குடுக்கலாம்.

வந்ததுக்கு அப்புறம் ரெண்டுக்கும் ஒரே எதிரிங்கதான். ரெசின் வெயில்பட்டா மஞ்சளாகும், அது எந்த முகம்னாலும். நவராத்திரிக்கு கொலுப்படில ஓரமா இதையும் வைக்கிறவங்க உண்டு, நானும் வைக்கிறேன், மஞ்சக் கையோட சின்னப்புள்ளைங்க தொட்டுட்டுப் போகும். மஞ்சக்கறைய துணில வெயில்ல காயவச்சா போயிரும், ரெசின்ல அதே வைத்தியம் பாத்தா கறை போயி பொம்மையே மஞ்சளாயிரும், என்னத்தச் சொல்ல. கொலுபொம்மைப் பெட்டில போடுற பாச்சை உருண்டைய இதுங்ககூடப் போடாதீங்க, அந்த வாடைலயே சில பிளாஸ்டிக் இளகும். இப்படிக் கறையோ கீறலோ விழுந்துச்சுன்னா கம்பெனி முகத்த திரும்ப அதே கம்பெனில போட்டு வாங்குறது நமக்கு நடக்காத காரியம். கஸ்டம் முகத்த போட்ட ஆளு இந்த நாட்டுக்குள்ள இருந்தா, அழிச்சுட்டு திரும்பப் போடுவாங்க, அவங்க வச்சிருக்குற கலர் குறிப்பு, பழைய போட்டோ எல்லாம் இருக்கும். என் தராசு சாயுறது இந்த எடத்துலதான்.

அதனால நான் சொல்றது, மொத பொம்மை, லிமிட்டட், பழைய பார்பி, பின்னாடி வித்துருவேன்னு நெனைக்கிறது, இதெல்லாம் கம்பெனி முகத்தோடயே இருக்கட்டும், தொடாதீங்க. சாதா எடிஷன் பிளாங்க் தலை, கண்ணு கோணிப்போன வினைல், செகண்ட்ஹேண்டா வந்த மான்ஸ்டர் ஹை, இதெல்லாம் கஸ்டமுக்கு, அதுவும் ரயில்ல போயி வர்ற தூரத்துல இருக்குற கைக்கு.

ரயிலே வேணாம், டவுன் பஸ் தூரத்துலயே கை இருக்குன்னு ஒரு யோசனை எனக்கு ரொம்ப நாளா. பொம்மைக்கு டிரெஸ் தைக்க புதுமண்டபத்துலேர்ந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன டெய்லருங்க இருக்காங்க, முகத்துக்குத்தான் ஆளில்லன்னு பொலம்புறோம், திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரில தெருவே பொம்மைக்கு கண்ணு வரையுது. அந்தக் கை ஓட்டம், ஒரே இழுப்புல இமை போடுற நிதானம், காசு குடுத்தாலும் கத்துக்க முடியாது. ஆனா நேரா போயி தலைய நீட்டிராதீங்க. அவங்க பழகுனது மண்ணு, காகிதக்கூழு, பிளாஸ்டர் மேல, கெட்டிப் பெயிண்ட்டு, பளபள வார்னிஷ். ரெசின் வெளிச்சம் ஊடுருவுற பொருளு, அதுல கெட்டியா அப்புனா முகம் செத்துரும், எனாமலும் தின்னரும் வினைல்ல பட்டா கறைதான். பெயிண்ட்டு, சீலன்ட்டு ரெண்டையும் நாமளே கொண்டு போகணும், உருப்படாத தலை ஒண்ண குடுத்து அடுக்கடுக்கா ஏத்துறத பேசிப் பேசி பழகணும், கூலிய அந்த சோதனைத் தலைக்கும் சேத்துக் குடுக்கணும், அத ஓசில கேக்காதீங்க. "அண்ணே, வெள்ளை பேஸ் வேணாம், தோலு தெரியட்டும்"னு மொதல்லயே சொல்லிருங்க, இல்லேன்னா பழக்கத்துல ப்ரைமர் போட்டுருவாங்க.

எப்பப் போறதுங்கிறதும் முக்கியம். ஆடிலேர்ந்து விநாயகர், அப்புறம் கொலு, அது முடிஞ்சா கிறிஸ்துமஸ் குடில் செட்டுன்னு மார்கழி வரைக்கும் அவங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது, அப்பப் போயி நின்னா யாரும் நிமிந்து பாக்க மாட்டாங்க. பொங்கல் கழிச்சுப் போங்க, சீலன்ட் அடிக்கவும் அதுதான் சீசன்.