நெல் வெட்டு மிசினுக்கு ஆப்பில் அட்வான்ஸ் கட்டப் போகிற விவசாயிகள் கவனத்துக்கு

போன் ஆப்பில் வெட்டு மிசின் பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பெரும்போகத்தில் தம்பலகாமத்து விவசாயிகள் எங்களிடம் காசு வாங்கி ஏமாற்றிய கம்பெனி ஆட்கள், சிறுபோகத்துக்கு ஆள் சேர்க்க மறுபடியும் கிளம்பிவிட்டார்கள். இங்கே இனி யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்து, இம்முறை மூதூர், சேருவில, வெருகல் பக்கம் கூட்டம் வைக்கிறார்களாம். பெயரை மாற்றிக்கொண்டும் வருவார்கள். அதனால் பெயரைச் சொல்வதைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு உதவும். திருகோணமலை மாவட்டத்தில் வயல் செய்கிறவர்கள் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இரண்டு பொடியன்மார், கொழும்பிலிருந்து ஒரு பெரியவர். கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் பிறகு பேச நேரம் கேட்டார்கள், கொடுத்தோம். அவர்கள் பேசியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரின் மிசின் வருசத்தில் பாதி நாள் கொட்டிலுக்குள் சும்மா நிற்கிறது, இன்னொருவர் மிசின் கிடைக்காமல் அலைகிறார், இரண்டு பேரையும் போனில் சேர்த்துவிட்டால் புரோக்கர் காசு மிச்சம் என்றார்கள். வெளிநாட்டு உதாரணங்களும் சொன்னார்கள். நைஜீரியாவில் 2014இல் தொடங்கிய ஹலோ டிராக்டர், இந்தியாவில் 2016இல் மகிந்திரா கொண்டுவந்த ட்ரிங்கோ இரண்டையும் திரையில் காட்டினார்கள். அவை உண்மையானவைதான். ஹலோ டிராக்டரில் டிராக்டருக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டியிருப்பார்கள். ஊரில் ஒரு முகவர் அக்கம்பக்கத்துச் சின்னக் காணிக்காரரின் தேவைகளை ஒன்றாகச் சேர்த்துப் பதிவார், அதனால் ஒரு ஏக்கருக்காக டிராக்டர் நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை. ட்ரிங்கோவில் ஸ்மார்ட் போன் இல்லாதவரும் சாதாரண போனில் அழைத்தே பதிய முடிந்தது. நம் நாட்டில் 2015இல் பிக்மீ வந்தபிறகு ஆப்பில் வாகனம் பிடிப்பது எல்லாருக்கும் பழகிப்போன விசயம். அதே மாதிரி மிசினும் வரும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

எங்கள் பக்கம் வெட்டு எப்படி நடக்கும் என்பதை வெளியில் உள்ளவர்களுக்காகச் சொல்ல வேண்டும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் செய்யும் வயல்கள் இவை. தண்ணீர் திறக்கும் நாள் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். எல்லாரும் ஏறக்குறைய ஒரே கிழமைகளில் விதைப்போம், அதனால் ஒரே கிழமைகளில் வேளாண்மை விளைந்து நிற்கும். அந்த நாட்களில் முழு வட்டைக்கும், அதாவது முழு வயல்வெளிக்கும், மிசின் வேண்டும். ஊர் மிசின்கள் போதாது. அம்பாறை, மட்டக்களப்பு, பொலன்னறுவைப் பக்கமிருந்து வந்தால்தான் வேலை முடியும். அப்படி வரும் மிசின்களைப் புரோக்கர்தான் பிடித்துக்கொண்டு வருவார். அவர் கமிசன் எடுப்பார், சில நேரம் அநியாயத்துக்கு எடுப்பார். ஆனால் அவர் நம் கண்முன்னே நிற்கிற ஆள். மிசின் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

புரோக்கர் ஏக்கருக்கு 15,000 கேட்ட நேரத்தில் இவர்கள் 12,000 என்றார்கள். அங்கத்துவக் கட்டணம் 3,000. பதியும்போதே மொத்தக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ். மூன்று ஏக்கருக்கு நான் கட்டியது அங்கத்துவத்தோடு 15,000 ரூபாய். எங்கள் வாய்க்காலில் மட்டும் நிறையப் பேர் கட்டினார்கள், கிண்ணியாவிலிருந்து வந்து இங்கே வயல் செய்யும் இரண்டு மூன்று நானாமாரும் கட்டினார்கள்.

வெட்டு நாள் வந்தது. காலையில் போனைத் திறந்தால் "இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது" என்று பச்சை எழுத்தில் நிற்கிறது. மத்தியானமும் அதே எழுத்து. அடுத்த நாளும் அதே எழுத்து. கிலோமீட்டர் மட்டும் ஒருமுறை 6 என்றும் ஒருமுறை 9 என்றும் காட்டும். சாரதியோடு கதைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமத்தினால் போவது கொழும்பில் உள்ள கம்பெனி இலக்கத்துக்கு. பாட்டுப் போகும், பிறகு ஒரு பிள்ளை எடுத்து, "சேர், மெசின் ஒன் த வே" என்று சொல்லிவிட்டு வைக்கும். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. பழுத்த கதிர், ஒரு மழை விழுந்தால் சாய்ந்துவிடும். அந்த நேரம் ஒரு விவசாயியின் வயிறு எப்படி எரியும் என்பதை வயல் செய்தவர்களுக்கு நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

அப்போதுதான் அடுத்த வட்டையில் அந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய மிசின் ஒன்று வெட்டிக்கொண்டிருப்பதாக வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானையார் சொன்னார். நேரே போனேன். பொலன்னறுவை கதுறுவெலைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் மிசினை நிறுத்திவிட்டு வரம்பில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். என் போனைக் காட்டி, "தம்பி, எங்கட வயலுக்கு ஏன் வரல்ல?" என்று கேட்டேன். அவன் என் பதிவு இலக்கத்தை வாசித்துவிட்டுத் தன் போனை எடுத்தான். அதில் ஒரு பட்டியல். அதே இலக்கம், அதே ஏக்கர் கணக்கு, என் பெயரின் முதல் எழுத்துகள். பக்கத்தில் சிவப்பில், "விவசாயி ரத்துச் செய்துவிட்டார்."

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். என்னுடையதில் மிசின் வந்துகொண்டிருக்கிறது. அவனுடையதில் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, எனக்கு நீங்க கென்சல் பண்ணினதாத்தான் வந்திருக்கு. இஞ்ச வெட்டச் சொல்லி அவங்கதான் அனுப்பினாங்க. முதலாளிக்குப் போன கிழமை வெட்டின காசே இன்னும் போடல்ல" என்றான். அவன் முதலாளியோடும் அங்கேயே நின்று கதைத்தேன். மிசினைப் பதிய அவரிடம் வாங்கிய கட்டணம் என்னுடையதைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு முறை விவசாயி "ரத்து" செய்யும்போதும் அவருடைய கணக்கில் அபராதம் வேறு கழித்திருக்கிறார்கள். நான் ரத்துச் செய்யவே இல்லை என்று சொன்னதும் அந்த மனுசன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நடந்தது இதுதான். ஒரே இடத்தில் பெரிய காணியாக, கூடுதல் விலைக்குக் கேட்டவருக்கு மிசினைத் திருப்பிவிட்டார்கள். சின்னக் காணிக்காரர் எங்களிடம் வாங்கிய அட்வான்ஸ் அவர்கள் கையில். மிசின்காரரிடம் பிடித்த அபராதமும் அவர்கள் கையில். விவசாயியின் இலக்கம் சாரதிக்குத் தெரியாது, சாரதியின் இலக்கம் விவசாயிக்குத் தெரியாது. எங்கள் பாதுகாப்புக்காகத்தான் இலக்கத்தை மறைப்பதாகக் கூட்டத்தில் சொன்னார்கள். முழு மோசடியும் அந்த மறைப்பில்தான் நின்றது. நானும் அந்தப் பொடியனும் முதலே ஒரு நிமிசம் கதைத்திருந்தால் இது ஒரு நாளும் நடந்திருக்காது.

மழை அன்று இரவே விழுந்தது. பிறகு வந்த புரோக்கர் மிசினுக்கு ஏக்கருக்கு 18,000 கொடுத்தேன், சாய்ந்த கதிரை வெட்ட அந்த விலைதான். நெல் சந்தைப்படுத்தும் சபையின் முழு விலை நன்றாகக் காய்ந்த நெல்லுக்குத்தான். நனைந்த நெல்லைக் காயப்போட இடமும் இல்லை, வெயிலும் இல்லை. மில்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்தோம்.

காசைத் திருப்பிக் கேட்டபோது அடுத்த வித்தை தொடங்கியது. ஆப்பில் என் பெயருக்கு நேரே 12,000 என்று ஒரு இலக்கம் வந்தது. அது காசு இல்லை, அடுத்த போகத்தில் அவர்களிடமே மிசின் பிடித்தால் கழிக்கலாம். ஆறு மாதத்துக்குள் பாவிக்காவிட்டால் அதுவும் போய்விடும். அங்கத்துவக் காசு எந்த நிலையிலும் திரும்பாது. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால், நாங்கள் சம்மதித்த நிபந்தனையில் என்றார்கள். தமிழில் தட்டினால் அந்த நிபந்தனையில் பாதிதான் வரும், மிச்சம் ஆங்கிலத்தில். நிலாவெளி வீதியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் என் தங்கையின் மகள் இருந்து வாசித்துச் சொன்னாள். கம்பெனி வெறும் தொடர்பு ஏற்படுத்திக் கொடுப்பவர் மட்டும்தானாம், மிசின் வராததற்குப் பொறுப்பில்லையாம், பிணக்கு வந்தால் கொழும்பில்தான் பேச வேண்டுமாம். ஏக்கருக்கு விலை வைக்கிறவன், காசு வாங்குகிறவன், மிசினை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிறவன் எப்படி வெறும் தொடர்பாளன் ஆவான்? இதற்கு அவர்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எனக்குப் போனதைவிட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் சிலரிடம் "மிசின் பங்கு" என்று தலைக்கு 50,000 வாங்கியிருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு வெட்டு மிசின் வாங்குவோம், வரும் வாடகையை மாதா மாதம் பகிர்வோம், வேண்டாம் என்றால் ஒரு வருசத்தில் முழுக் காசும் திரும்பும் என்ற பேச்சு. தையல் வேலையில் சேர்த்த காசைக் கொடுத்த ஒரு அக்கா இருக்கிறார். முதல் இரண்டு மாதம் 2,000 ரூபாய்ப்படி வந்ததாம், அதைக் காட்டித்தான் அவருடைய தங்கையையும் சேர்த்தார்கள். மிசினை இன்றுவரை யாரும் கண்ணால் காணவில்லை. அதன் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாது.

இது சாதாரண விசயம் இல்லை. திருப்பித் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வைப்புப் பணம் எடுக்க மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அனுமதி பெற்றவர்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. கூட்டத்தில் இவர்கள் பிரேம் போட்டுக் காட்டியது வணிகப் பெயர்ப் பதிவுப் பத்திரம். பிரதேச செயலகத்தில் ஒரு பெட்டிக்கடைக்கும் எடுக்கக்கூடியது அது. "அரசாங்க அங்கீகாரம்" என்று சொல்லி அதை நீட்டினால் நம்பாதீர்கள். கம்பெனி என்று சொன்னால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழான பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அதில் பெயர் இருந்தாலும் கம்பெனி இருக்கிறது என்றுதான் அர்த்தம், நாணயமானது என்று அர்த்தமில்லை.

மிசினைப் பகிர்ந்து பாவிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நமக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் எல்லாருக்கும் ஒரே கிழமையில் வேண்டிய பொருளைப் பகிர்வது, வாடகைக் கார் பகிர்வது போல இலேசான காரியம் இல்லை. வேறு மாவட்டத்தில் வெட்டு முடிந்த மிசினை நேரத்துக்கு இங்கே நகர்த்த வேண்டும், சின்னக் காணிகளை வாய்க்கால் வாய்க்காலாகச் சேர்க்க வேண்டும், மழை வந்தால் யாருக்கு முதலில் என்று முறை வைக்க வேண்டும். அதற்கு ஊரில் ஆள் வேண்டும். இவர்களுக்கு ஊரில் ஒரு ஆள்கூட இல்லை. நகரில் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையும் வெட்டு முடியுமுன்பே பூட்டிவிட்டார்கள்.

அடுத்து யார் வந்தாலும், எவ்வளவு நல்ல பேச்சுப் பேசினாலும், காசு கட்டுமுன் மிசின்காரரின் பெயரையும் நேரடி இலக்கத்தையும் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அந்த இடத்திலேயே எழும்பிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் மிசின் வயலில் இறங்கியபிறகு கொடுப்போம் என்று நில்லுங்கள், அல்லது கமக்காரர் அமைப்பின் கணக்கில் வைத்து வேலை முடிந்தபின் விடுவிக்கச் சொல்லுங்கள். கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவானவை. வங்கிக் கணக்கு இருக்கிறது, கேள்வி கேட்கக் கூட்டம் இருக்கிறது. மிசின் வராவிட்டால் எத்தனை நாளில் காசாகத் திரும்பும் என்பதைத் தமிழில், கையெழுத்தோடு வாங்குங்கள். "கிரெடிட்" என்ற பேச்சே வேண்டாம்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்களுக்கு: ஆப்பை அழிக்காதீர்கள். பதிவு இலக்கம், "வந்துகொண்டிருக்கிறது" என்ற திரை, வங்கிச் சீட்டு, அவர்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனிலும் சேமியுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் வந்தபிறகு போனில் இருப்பதும் சான்றுதான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் அழைத்ததோடு விட்டுவிடாமல் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். சேவை நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பெரும்போக வெட்டில் ஏமாந்தவர்களுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மிசின் பங்குக்குக் காசு கொடுத்தவர்கள் பொலிசிலும் மத்திய வங்கியிலும் தனியாக முறைப்பாடு செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

நாங்கள் கூட்டாக ஒரு முறைப்பாடு தயார் செய்துகொண்டிருக்கிறோம். அந்தக் கதுறுவெலை முதலாளியும் தன் போனில் உள்ள ரத்துப் பட்டியலோடு கையெழுத்துப் போடுகிறார், அது எங்களுக்குப் பெரிய பலம். தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியாப் பக்கத்தில் கட்டியவர்கள் தங்கள் சீட்டுகளின் பிரதியை உங்கள் கமக்காரர் அமைப்புச் செயலாளரிடம் இந்தக் கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். மூதூர்ப் பக்கத்தில் இவர்கள் கூட்டம் வைக்கும் நாள் தெரிந்தால் சொல்லுங்கள். எங்களில் சிலர் இரண்டு போனின் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கூட்டத்தில் காட்டுகிறோம்.